ஆத்தூர் ரோட்டில் அறுபது மைல் வேகம்

சென்ற மாதம் கோயமுத்தூரிலிருந்து ஒரு விளம்பரப் படக் குழு நாமக்கல்லுக்கு வந்திருந்தது. புதுக் கார் ஒன்று மோகனூர் ரோட்டில் ஓடுவதைப் படம் பிடிக்க வேண்டுமாம். என் வீட்டுக்கு எதிரே இருக்கும் புளியமரத்து நிழலில்தான் வண்டியை நிறுத்தி வேலை பார்த்தார்கள். ரப்பர் கிண்ணம் போன்ற மூன்று சாமான்களை எடுத்துக் காரின் மூக்கில் வைத்து அமுக்கினார்கள். அவை பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டன. அவற்றின் மேல் ஒரு சட்டம், சட்டத்தின் மேல் காமிரா, நாலு திருகு, அவ்வளவுதான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிஷம் ஆயிற்று.

எனக்கு அதே வேலைக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. வாய் சும்மா இருக்காமல் அதைச் சொல்லிவிட்டேன். உடனே அந்தப் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சேலத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் பிட்டராக இருந்தவன் என்றும், யுத்தத்துக்கு முன்னாலேயே காரில் காமிரா கட்டியவன் என்றும் தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

"அந்தக் கார் எவ்வளவு வேகத்துல போச்சுங்கய்யா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"அறுபது மைல்" என்றேன், கண்ணைக்கூட இமைக்காமல்.

என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வண்டி மறைந்ததும் உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "ஏனுங்க, இன்னும் எத்தனை வருசத்துக்குத்தான் இந்தப் பொய்யைச் சொல்லீட்டு இருப்பீங்க? சத்தியம் வாங்குனவரு, கூடப் பண்ணுனவங்க அல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. உங்களுக்கும் எழுபத்தி நாலு ஆச்சு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. பதினைந்து வயதில் சேலத்துக்கு வந்து, ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் சேர்ந்தேன். பஸ்ஸுக்கு மரத்தில் கூடு கட்டுவது, ஆணி போடுவது, ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, கரிவாயுவில் பஸ் ஓடாத அந்தக் காலத்தில் பெட்ரோல் டாங்கியை ஒட்டுவது என்று ஆறு வருஷம் போயிற்று. அதில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லலாம். எந்த இரும்பும் ஒரு இடத்தில் அசையத்தான் செய்யும். அது எங்கே என்று கண்டுபிடிக்கிறவன்தான் பிட்டர். பிறகு ஊருக்கு வெளியே ஒரு ஸ்டூடியோ வந்தது. அதில் தச்சுக் கொட்டகையில் ஆள் வேண்டும் என்றார்கள். சினிமாக்காரிகளைப் பார்க்கலாம் என்ற ஒரே ஆசையில் போய்ச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் நான் பார்த்ததெல்லாம் அட்டைத் தூண்களைத்தான்.

அங்கே காமிரா இலாகாவுக்குத் தலைவர் தாமோதரன் சார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், கட்டைக் குரல். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். கொஞ்சம் துடைத்தால் கொஞ்சம் கோபம். ஒருமுறை எலெக்ட்ரீஷியன் ஒருவர் விளக்கைக் கீழே போட்டு உடைத்தபோது, சார் கால் மணி நேரம் துடைத்தார். அந்த எலெக்ட்ரீஷியன் மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பழனியப்பன், நம்ம படத்துல கடைசிக் காட்சி என்ன தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"கதாநாயகிக்கு வேற ஒருத்தனோட கல்யாணம். கதாநாயகன் காரை எடுத்துண்டு பறந்து வரான். டைரக்டருக்கு அவன் முகமும் தெரியணுமாம், வேகமும் தெரியணுமாம். ரோட்டோரமா காமிராவை வெச்சா வேகம் தெரியும், முகம் தெரியாது. ஸ்டூடியோவுக்குள்ள காரை நிறுத்தி ஆட்டினா முகம் தெரியும், வேகம் தெரியாது. அதனால காமிரா காரோட மூக்குல உக்காந்து, அவனைப் பாத்துண்டே வரணும்."

"கட்டிடலாங்க சார்" என்றேன். இருபத்திரண்டு வயதில் எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில்.

கார் எங்களுடையது அல்ல. சேலத்தில் நூல் மில் வைத்திருந்த நடேசன் முதலாளியுடையது. மேலே மூடி இல்லாத பெரிய கார். முன்னால் இரண்டு விளக்குகளும் பித்தளை அண்டா அளவு இருக்கும். ஊரிலேயே பெரிய வண்டி என்று அவருக்குப் பெருமை. அதைக் கொடுக்கும்போது அவரே ஸ்டூடியோவுக்கு வந்து மூன்று நிபந்தனைகள் போட்டார். வண்டியில் ஒரு துளைகூடப் போடக்கூடாது. கீறல் விழக்கூடாது. இருபது மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது.

"இது குழந்தை மாதிரி. நானே இருபதுக்கு மேல ஓட்டுனதில்ல" என்றார். தாமோதரன் சார் தலையை ஆட்டினார்.

துளை போடாமல் எப்படிக் கட்டுவது? காரின் அடிச் சட்டம் முன்பக்கம் இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் பிடித்தேன். இரண்டு கொம்புகளுக்கும் இரும்பில் கவ்வி அடித்தேன். கவ்வி பட்டுக் கீறல் விழாமல் இருக்க உள்ளே கம்பளித் துணி, அதற்கு மேல் சைக்கிள் டியூப். கவ்விகளின் மேல் இரண்டு தேக்குச் சட்டம். சட்டத்தின் மேல் ஒரு பலகை. பலகையின் ஒரு பக்கம் காமிரா. மறுபக்கம் தாமோதரன் சார் உட்கார ஒரு முக்காலி அகலத்துக்கு இடம். காமிரா அந்தக் கால ஊமைப்படக் காமிரா. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் பிலிம் ஓடும். ஸ்டூடியோவில் நல்ல காமிரா இரண்டுதான். அதில் ஒன்று இது. அது கீழே விழுந்தால் நான் எருமப்பட்டிக்கு நடந்தே போக வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்தது என்று நான் சொன்ன அன்று தாமோதரன் சார் ஒரு வெண்கல டம்ளரில் தளும்பத் தளும்ப மோர் கொண்டுவரச் சொன்னார். எனக்குத்தான் என்று நினைத்துக் கை நீட்டினேன். அவர் அதை வாங்கிக் காமிரா இருக்கும் இடத்தில் பலகை மேல் வைத்தார்.

"இஞ்ஜினைப் போடச் சொல்லுங்கோ."

டிரைவர் காதர் பாய் கைப்பிடியைச் சுற்றி இஞ்ஜினைக் கிளப்பினார். வண்டி நகரக்கூட இல்லை. டம்ளர் தானே நடந்து போய்ப் பலகையின் ஓரத்திலிருந்து குதித்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

அன்றிலிருந்து தினமும் அதே சோதனை. பலகைக்கு அடியில் தேங்காய் நார் வைத்தேன். அம்மாபேட்டை நெசவாளர் வீடுகளில் கேட்டு வாங்கிப் பழைய தறிக் கயிற்றால் பலகையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். பஸ் டயரை அறுத்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பதினெட்டாம் நாள் மோர் சிந்தவில்லை. ஆனால் மேலே வட்டம் வட்டமாக அலை அடித்தது.

"கோலம் போடறது பாருங்கோ" என்றார் சார். "இந்த அலை திரையில எவ்வளவு பெருசா இருக்கும் தெரியுமா? கதாநாயகனுக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கும்." பிறகு மோரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

ஜுரம் வராமலே நடுங்கக்கூடியவர் எங்கள் கதாநாயகர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் பெயர் சுந்தரானந்தம். நாடக மேடையிலிருந்து வந்தவர். குரல் என்றால் குரல். மூன்று மைல் தூரம் கேட்கும். மேடையில் அட்டைத் தேரில் ஏறிக்கொண்டு ஆயிரம் பேரை வென்றவர். ஆனால் உண்மையான மோட்டார் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. வண்டி ஓட்டத் தெரியாது என்பதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம். தொண்டையைச் சுற்றிக் கட்டியிருந்த மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஓட்டலாம், பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

காதர் பாய் ஒரு யோசனை சொன்னார். சுந்தரானந்தம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. காதர் பாய் அவர் காலடியில் பதுங்கிக்கொண்டு பெடல்களைக் கையால் அமுக்குவார். காமிராவுக்கு ஓரத்தில் காரின் விளக்கும், நடுவில் கதாநாயகரின் மார்புக்கு மேலேயும்தான் தெரியும். எல்லோருக்கும் அது பெரிய யோசனையாகப் பட்டது.

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஆத்தூர் ரோட்டில் நேரான ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்திருந்தோம். இரண்டு பக்கமும் புளியமரம். முன்பகல் வெயில். பலகையில் சார் உட்கார்ந்தார். நான் காமிராவுக்கு அந்தப் பக்கம் கவ்வியின் மேல் காலை வைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் தொற்றிக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் முதுகுப் பக்கம்தான் ரோடு. முகத்துக்கு நேரே சுந்தரானந்தம். அவர் முகத்தைப் பார்த்தபோதே இறங்கியிருக்க வேண்டும்.

வண்டி கிளம்பியது. பத்து மைல் வேகம்கூட இருக்காது. சுந்தரானந்தத்தின் கண் இரண்டும் அகல விரிந்தன.

"நன்னாருக்கு, அப்படியே இருங்கோ" என்று சார் கைப்பிடியைச் சுற்றினார்.

"பாய், மெதுவா! மெதுவா!" என்று சுந்தரானந்தம் கத்தினார்.

காலடியில் இருந்த காதர் பாய்க்கு இஞ்ஜின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "என்னங்க, வேகமாவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அமுக்கினார்.

வண்டி பாய்ந்தது. சுந்தரானந்தம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். என் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரியாது. புளியமரம் ஒன்று எங்கள் தோளை உரசிக்கொண்டு போனது. நான் காமிராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்; சார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் பின்பக்கமாக ஏதோ மெத்தென்று எங்களைத் தாங்கியது. வண்டி ரோட்டோர ஓடையைத் தாண்டி ஒரு கேழ்வரகுக் காட்டில் நின்றிருந்தது. எங்களைச் சுற்றிக் கதிர். காமிரா என் மடியில் பத்திரமாக இருந்தது. வண்டியிலோ விளக்கிலோ கீறல்கூட இல்லை.

சுந்தரானந்தம் இறங்கி, வேட்டியை உதறிக்கொண்டு, "இனிமே இந்த வண்டியில ஏறச் சொன்னா நான் நாடகத்துக்கே போயிடறேன்" என்றார். முன்பணம் வாங்கிய படம். முக்கால்வாசி முடிந்த படம். ஆனால் அவர் குரலில் நடிப்பே இல்லை.

சார் கதிருக்கு நடுவில் உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்தார். எனக்கு வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் காட்டுக்காரர் வந்தார். பெயர் மாரப்பன். நாற்பது வயது இருக்கும். நாங்கள் சண்டைக்குத் தயாராக நின்றோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பலகையில் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, ரோடு அந்தாண்டதான இருக்குது?"

"ஆமாம், தெரியும்" என்றார் சார்.

"அடி கிடி பட்டுச்சுங்களா?"

"இல்லை."

"அப்ப செரி. கேவுரு போனாப் போவுது, இந்த வருசம் வெளைச்சலும் சொகமில்லீங்க. இருங்க, மாட்டை ஓட்டியாறேன்."

போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி மயிலைக் காளைகளை ஓட்டி வந்தார். கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை இறைக்கும் வடத்தை வண்டியின் முன்பக்கம் கட்டினார். காதர் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சார் இறங்கவே இல்லை. காமிராவை மறுபடி பலகையில் வைக்கச் சொல்லி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரப்பன் நாக்கைச் சொடுக்கினார். மாடுகள் வண்டியை ஓடையிலிருந்து இழுத்து ரோட்டில் ஏற்றி, ஏறிய வேகத்தில் இருபது கெஜம் ஓடிப்போய் நின்றன.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பழனியப்பன், ரோட்டுல வந்தப்போ காமிரா அசைஞ்சுதா?"

"தெரியலீங்க சார்."

"மோர் இருக்கா?"

காதர் பாயின் தூக்குச் சட்டியில் இருந்தது. டம்ளரில் ஊற்றித் தளும்பத் தளும்பப் பலகையில் வைத்தோம். "இன்னொரு தடவை இழுக்கச் சொல்லுங்கோ" என்றார் சார். மாடுகள் அரை பர்லாங்கு ஓடின. மோர் உறைந்த தயிர் மாதிரி நின்றது. இஞ்ஜின்தான் எங்கள் எதிரி என்று அப்போதுதான் புரிந்தது. பதினெட்டு நாளாக நான் நாரும் டயரும் வைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது அதைத்தான்.

"மாரப்பன், உங்ககிட்ட இன்னொரு ஜோடி மாடு இருக்கா?" என்று சார் கேட்டார்.

"பங்காளிகிட்ட இருக்குதுங்க. எதுக்குங்க சாமி, வண்டி அவ்வளவு கெட்டுப்போச்சுங்களா?"

"வண்டி நன்னா இருக்கு. அதான் தொந்தரவு."

அடுத்த ஏழு நாளும் அங்கேதான். நாலு மாடு, இருபதடி வடம். மாடு ஓடினால் நாலைந்து மைல் வேகம். அதை எப்படிப் பறக்கவைப்பது? சார் விளக்கினார். திரையில் படம் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடும். காமிராவின் கைப்பிடியை விநாடிக்கு மூன்று சுற்று சுற்றினால் உள்ளது உள்ளபடி தெரியும். அரைச் சுற்று மட்டும் சுற்றினால் எல்லாம் ஆறு மடங்கு வேகமாகத் தெரியும். மாடு போகிற வேகம் முப்பது மைல் ஆகிவிடும்.

ஆனால் கதாநாயகரும் ஆறு மடங்கு வேகமாகத் தெரிவாரே? அதனால் அவர் எல்லாவற்றையும் ஆறில் ஒரு பங்கு வேகத்தில் செய்ய வேண்டும். தலையைத் திருப்புவதென்றால் கோயில் தேர் தெரு முனை திரும்புவதுபோலத் திருப்ப வேண்டும். கண் இமைக்கவே கூடாது. இஞ்ஜின் சத்தம் இல்லாததாலும், முன்னால் மாடு போவதாலும் சுந்தரானந்தத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. பிரமாதமாகச் செய்தார். கதாநாயகியை நினைத்துப் பதறி நெற்றியைத் துடைக்கும் காட்சி ஒன்று. கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நாங்கள் இரண்டு புளியமரத்தைக் கடந்துவிட்டோம்.

மாடுகளால் ஒரே ஒரு தொல்லை. மாரப்பன் வீட்டுக்குப் பிரியும் வண்டித்தடம் வந்ததும், முன் ஜோடி தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். சுந்தரானந்தம் உச்சக்கட்ட ஆவேசத்தில் இருப்பார். கார் அமைதியாக மாரப்பன் வீட்டு வாசலில் போய் நிற்கும். மாரப்பன் சம்சாரம் எட்டிப் பார்த்து, "மறுக்கா வந்துட்டாங்களா? கம்மங்கூழு கரைக்கட்டுங்களா?" என்பார். மூன்று தடவை குடித்தோம். நாலாம் நாள் அந்தத் தடத்தின் வாயில் ஒரு தட்டியை வைத்து மறைத்தோம்.

கடைசியாக வேகமானியை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டும். அது ஸ்டூடியோவிலேயே ஆயிற்று. அட்டையில் எழுதி, முள்ளின் பின்னால் நூல் கட்டி, நான்தான் இழுத்தேன். "முப்பதுல நிறுத்தட்டுங்களா சார்?" என்று கேட்டேன். "நூல் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுங்கோ" என்றார். அறுபது வரை வந்தது.

படம் முடிந்ததும் சுந்தரானந்தம் எங்களை வரிசையாக நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, மாட்டு விஷயத்தை வெளியில் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். மாரப்பனிடம் வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

படம் சேலத்தில் வெளியான முதல் நாள் சாயங்கால ஆட்டத்துக்கு நான் போனேன். பெஞ்சில் இடம் கிடைத்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் மாரப்பன், அவர் சம்சாரம், ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மாடு வரப்போகிறது என்று எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். மேலே சோபாவில் நடேசன் முதலாளி, நண்பர்களோடு.

கடைசிக் காட்சி வந்தது. கார் சீறியது. மரங்கள் பறந்தன. முள் அறுபதைத் தொட்டது. கொட்டகையில் விசில் காதைப் பிளந்தது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் கட்டிய பலகை ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. அப்போது மாரப்பன் எழுந்து நின்றார்.

"அதா! அதா பாருங்க, என்ற மயிலை!"

"உக்காருய்யா!" என்றார்கள் நாலு பக்கமும்.

"அந்த வண்டியை இழுக்கறது என்ற மாடுங்க! நல்லாப் பாருங்க, தெரியுது!"

கொட்டகையே சிரித்தது. "காரை மாடு இழுக்குதாம்டோய்!" "கள்ளு எந்தக் கடைய்யா?" என்று குரல்கள். அவர் ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாரப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார்.

"சாமி, நீங்க இருந்தீங்களே! சொல்லுங்க சாமி!"

இருநூறு முகம் என்னைப் பார்த்துத் திரும்பியது. கற்பூரத்தின் மேல் அடித்த சத்தியம் தடுத்தது. சத்தியம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால், இல்லை. அந்தச் சிரிப்பு என் மேல் திரும்பிவிடுமோ என்ற பயமும்தான். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோலப் பாவனை செய்தேன். நான் நிமிர்ந்தபோது மாரப்பனின் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே நடேசன் முதலாளி ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். நேராகக் காமிரா அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்ன தாமோதரன்? இருபது மைலுன்னு தலைய ஆட்டுனீங்க. அறுபதுல ஓட்டியிருக்கீங்க! ஊரே பார்த்துச்சு. வண்டி என்னத்துக்கு ஆகும்?"

சார் நிதானமாகச் சொன்னார். "உங்க இஞ்ஜின் அந்த ஏழு நாளும் ஓடவே இல்லை. கொட்டகையில ஒருத்தர் எழுந்து நின்னு சொன்னாராமே, அதான் நிஜம். மாடுதான் இழுத்துது."

முதலாளி முகம் வெளுத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் வண்டியையா? மாட்டுலயா?"

"நாலு மாடு."

"நாலு..." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராத்திரி கிளப்புல அத்தனை பேரும் என் கையப் புடிச்சுக் குலுக்குனாங்க. கலெக்டர் ஆபீஸ் ஆளு ஒருத்தர், 'இப்படி ஒரு வண்டி இந்த ஜில்லாவுலயே கிடையாது'ன்னாரு. நான் வேற, 'இன்னும் மிதிச்சா எழுபதும் போகும்'னு சொல்லிட்டேன்" என்றார்.

"அப்போ என்ன செய்யலாம்?" என்றார் சார்.

"அறுபதுன்னே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

அவர் போன பிறகு நான் சாரிடம் கொட்டகையில் நடந்ததை முழுதும் சொன்னேன். நான் குனிந்துகொண்டதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "நல்லாப் பாருங்க, தெரியுதுன்னா சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். எழுந்து ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அந்தச் சுருளைச் சின்னத் திரையில் போடச் சொன்னார்.

முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இங்கே பாருங்கோ" என்றார்.

காரின் இடது பக்கத்து விளக்கு. அந்தப் பெரிய கண்ணாடியின் வளைவுக்குள், கட்டை விரல் நகத்தில் பாதி அளவில், ஒரு ஜோடி மாடு தலையை ஆட்டிக்கொண்டு ஓடியது. அதில் ஒன்றுக்குக் கொம்பு கொஞ்சம் உள்வளைவு.

நாற்பது நாள் அந்தக் காட்சியைத் துண்டு துண்டாகப் பார்த்தவர் சார். எடிட்டர் பார்த்தார், டைரக்டர் பார்த்தார், ஸ்டூடியோ முதலாளி பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

"கிளம்புங்கோ" என்றார்.

காதர் பாய் வண்டியில் அயோத்தியாப்பட்டணம் போனோம். மாரப்பன் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் மாட்டை நிறுத்தவில்லை. வரப்பில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்களைக் கண்டதும், "அறுபது மைலு, உன்னைத் தேடி ஆளு வந்துருக்குது பாரு" என்று சொல்லிச் சிரித்தார். ஒரே ராத்திரியில் மாரப்பனுக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள்.

சார் என்னைப் பார்த்தார். நானே வரப்பில் ஏறி நின்று, அந்த ஆட்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "அந்தக் காரை இழுத்தது இவரு மாடுதானுங்க. நான் அதுல தொத்தீட்டு வந்தவன். நேத்து எனக்கு வாய் வரலீங்க. தப்பு எம்மேலதான்."

சிரிப்பு நின்றது. மாரப்பன் மாட்டை நிறுத்தினார். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"செருப்புக் கெடைச்சுதுங்களா சாமி?" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

தாமோதரன் சார் சேற்றில் இறங்கி அவர் பக்கத்தில் போனார். "மாரப்பன், பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் கண்ணுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ற மாடு எனக்குத் தெரியாதுங்களா?"

"வேற தப்பு ஏதாவது பாத்தேளா?"

மாரப்பன் தயங்கினார். "சொல்லலாங்களா?"

"சொல்லுங்கோ."

"அந்தப் புள்ள அழுவுறப்ப மூக்குத்தி எடத்து மூக்குல இருக்குது. அப்பங்காரன் ஊட்டுக்குள்ள வந்து திட்றப்ப வலத்து மூக்குக்குப் போயிருது. அப்பறம் அந்தக் கெழவருக்கு மீசை ஒரு நேரம் நரைச்சிருக்குது, ஒரு நேரம் கறுத்திருக்குது. சந்தையில மாடு விக்கறவனாட்டமா மையடிச்சுப்போட்டாருன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்துபோனேன். அவர் அதைத் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

யுத்தம் வந்து பிலிம் கிடைக்காமல் போகும்வரை, எங்கள் ஸ்டூடியோவில் எந்தப் படம் முடிந்தாலும் முதலில் மாரப்பனுக்குப் போட்டுக் காட்டுவதென்று ஆயிற்று. காதர் பாய் போய் அழைத்து வருவார். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சாருக்கும் டைரக்டருக்கும் நடுவில் உட்காருவார். படம் முடிந்து விளக்குப் போட்டதும், பட்டணத்திலிருந்து வந்த பெரிய பெரிய டைரக்டர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு புராணப் படத்தை மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்துவிட்டு அவர் எழுந்தபோது, அந்த டைரக்டரால் பொறுக்க முடியவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார்.

"சாமி, தேரு நல்லாருக்குது, சண்டை நல்லாருக்குது, அல்லாம் நல்லாருக்குதுங்க" என்றார் மாரப்பன். "ஆனா அர்ச்சுனன் தேருல கட்டியிருக்கற நாலு குதிரையில ஒண்ணு செனையா இருக்குதுங்க. அதைப் போயி சண்டைக்கு ஓட்டுவாங்களா?"